சுகர் சென்சார் வந்துவிட்டது சரி, அது யார் கையில் ஒட்டியிருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் 'இனி ஊசியும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம்' என்று தலைப்புப் போட்டு, சர்க்கரை நோய்க்கு வந்திருக்கும் புதுக் கருவிகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தீர்கள். திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்துவதற்குள் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் தென்காசியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஒருவருக்கு சுகர் பார்க்கும் வாட்ச் வேண்டும், ஒருவருக்கு மூக்கால் இழுக்கிற இன்சுலின் வேண்டும் (மூக்கால் இல்லை, வாயால்), இன்னொரு அம்மாவுக்கு வாரம் ஒரு ஊசி போட்டால் மாத்திரை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா என்று தெரியவேண்டும். பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம், அதனால் உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கட்டுரையில் பாதிக்கு மேல் சரியான தகவல்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். என்ன பிரச்சினை என்றால், வந்துவிட்டது, வரப்போகிறது, வரவே வராது என்ற மூன்றையும் ஒரே இலையில் பரிமாறிவிட்டீர்கள். எது யாருக்கு என்றும் சொல்லவில்லை, என்ன விலை என்றும் சொல்லவில்லை.

முதலில் அந்த வாட்ச். தோலைக் குத்தாமலே ரத்தச் சர்க்கரையைக் காட்டுவதாக விற்கிற எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, அதை நம்பி யாரும் மருந்து எடுக்காதீர்கள் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரிக்கை விட்டது. உங்கள் கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை. விரலைக் குத்திச் சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டரில் 100 என்று வந்தால் ஒரு லிட்டர் ரத்தத்தில் ஒரே ஒரு கிராம் சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தம். தோல், கொழுப்பு, தண்ணீர், வியர்வை எல்லாவற்றையும் தாண்டி அந்த ஒரு கிராமை வெளிச்சத்தை வைத்தே எண்ணுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பெரிய பெரிய கம்பெனிகளே முயன்று கொண்டிருக்கின்றன. கண்ணீரில் உள்ள சர்க்கரையை அளக்கும் காண்டாக்ட் லென்ஸ் என்று கூகுள் 2014ல் அறிவித்தது, கண்ணீரில் வருகிற அளவும் ரத்தத்தில் இருக்கிற அளவும் ஒத்துவரவில்லை என்று 2018ல் அந்த வேலையையே நிறுத்திவிட்டார்கள். அவர்களால் முடியாததை ஆயிரத்தி ஐநூறு ரூபாய் வாட்ச் செய்கிறதாம். ஒருவர் ஆன்லைனில் வாங்கிவந்து என் கவுண்டரில் பெருமையாகக் காட்டினார். அதைக் கழற்றி பக்கத்தில் இருந்த பஞ்சு உருளையில் கட்டினோம். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 112 காட்டியது. பஞ்சுக்குக் கன்ட்ரோல் நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். தொடர்ந்து சர்க்கரையைக் காட்டும் சென்சார், அதாவது சிஜிஎம், நிஜமாகவே பெரிய முன்னேற்றம். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை, மேற்கையின் பின்பக்கம் 'டக்' என்று அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், முடி மாதிரி மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் போய் உட்காரும். அந்த இழையில் ஒரு என்சைம் தடவியிருக்கிறார்கள், அது சர்க்கரையோடு வினைபுரியும்போது வருகிற சின்ன மின்னோட்டத்தைத்தான் எண்ணாக மாற்றி போனுக்கு அனுப்புகிறது. இங்கே பரவலாகக் கிடைக்கிற ரகம் சுமார் இரண்டு வாரம் வரும். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு நடுவில் என்ன நடந்தது என்று ஊகித்துக்கொண்டிருந்த காலம் போய், ராத்திரி 3 மணிக்கு எவ்வளவு இறங்கியது, காலை இட்லிக்கு எவ்வளவு ஏறியது என்று கோடாகப் பார்க்கலாம்.

என் தங்கை மகனுக்கு டைப் 1. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இந்த நோயைப் பற்றி நம் ஊரில் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். டைப் 1 வருவதற்கு இனிப்புச் சாப்பிட்டதோ உடம்பு பெருத்ததோ காரணம் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. பிள்ளை திடீரென்று இளைப்பான், தண்ணீர் தண்ணீர் என்று குடிப்பான், ராத்திரி படுக்கையில் சிறுநீர் போவான், அப்புறம் ஒருநாள் வாந்தி, மூச்சு வாங்கல் என்று ஆஸ்பத்திரியில்தான் தெரியவரும். அன்றிலிருந்து வாழ்நாள் முழுக்க இன்சுலின், பெரும்பாலும் தினமும் நான்கு முறை. அதை நிறுத்திவிட்டு ஏதோ ஒரு பொடியைக் கொடுத்தால் சில நாளில் உயிருக்கே ஆபத்து. பார்க்க வருகிறவர்களோ என் தங்கையிடம் "சாக்லேட் நிறைய வாங்கிக் கொடுத்தீங்களோ" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

இந்தப் பையனுக்கு சென்சார் போட்ட பிறகு அந்த வீட்டில் என்ன மாறியது என்றால், என் தங்கை ராத்திரி தூங்குகிறாள். முன்பெல்லாம் அலாரம் வைத்து எழுந்து, டார்ச் அடித்து, தூங்குகிற பிள்ளையின் விரலைக் குத்திப் பார்ப்பாள். இப்போது 70க்குக் கீழே போனால் போன் கத்தும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடுக்கு முன்னால் பையனே பார்த்துவிட்டு இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுப் போகிறான். ஒருநாள் நான் பெரிய மனுஷத்தனமாக "145 இருக்கு, நல்லாத்தானே இருக்கு" என்றேன். "மாமா, நம்பரை மட்டும் பாக்காதீங்க, அம்பு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க" என்றான். அம்பு நேர்க்குத்தாகக் கீழே காட்டியது. 145ல் இருந்து வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். விரல் நுனி ரத்தத்தில் இந்த விஷயம் தெரியவே தெரியாது.

அதே சமயம் இந்தக் கருவிக்கும் குணக்கேடு உண்டு. அதையும் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, செல்களுக்கு நடுவில் இருக்கும் நீரில்தான் அளக்கிறது. அங்கே சர்க்கரை வந்து சேர ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பிந்தும். அதனால் சுகர் இறங்கி, மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் கொடுத்த பிறகும் கொஞ்ச நேரம் போன் 'லோ' என்றே காட்டிக்கொண்டிருக்கும், பயந்துபோய் இன்னும் இன்னும் இனிப்பைத் திணித்தால் ஒரு மணி நேரத்தில் 300ல் போய் நிற்கும். 15 நிமிடம் பொறுத்து, விரலைக் குத்திப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுப்பதுதான் முறை. சென்சார் ஒட்டிய கையின்மேல் அழுத்திப் படுத்துத் தூங்கினாலும் பொய்யாக 'லோ' காட்டும். சில ரகங்களில் வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் எண் கூடுதலாகக் காட்டும், இது அட்டையிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. சித்திரை வெயிலில் வியர்த்து ஒட்டுப் பிரிந்து ஒன்பதாம் நாளே கையோடு வந்துவிட்ட சென்சாரோடு கடைக்கு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அதனால் குளுக்கோமீட்டரையும் அதில் ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்ட்ரிப்பையும் மூட்டை கட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. உங்கள் தலைப்பு அப்படித்தான் நினைக்க வைத்தது.

விலை? ஒரு சென்சார் சுமார் ஐந்தாயிரம் ரூபாய். மாதம் இரண்டு. வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும், அதுவும் சென்சாருக்கு மட்டும், இன்சுலின், ஊசி முனை, ஸ்ட்ரிப் எல்லாம் தனி.

நான் இவ்வளவு தூரம் எழுதுவதற்குக் காரணமே இதுதான். என் கடையில் சென்சார் வாங்குகிறவர்கள் யார் தெரியுமா? நிறையப் பேர் சர்க்கரையே இல்லாதவர்கள். பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்த்துவிட்டு ஊரில் இருந்தே வேலை செய்கிற பிள்ளைகள், மாம்பழத்துக்கு எவ்வளவு ஏறுகிறது, பழைய சோற்றுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதற்கு வாங்குகிறார்கள். சாப்பிட்டதும் 140, 150 போய்த் திரும்பி வருவதைப் பார்த்துப் பயந்து டாக்டரிடம் ஓடுகிறார்கள். அவர்கள் காசு, அவர்கள் கை, நான் குறை சொல்ல யார், வியாபாரமும் எனக்குத்தான் ஆகிறது. ஆனால் அதே கவுண்டரில், அதே நாளில், கட்டடத்தில் சித்தாள் வேலை பார்க்கும் ஒரு அம்மா தன் மகளுக்கு ஸ்ட்ரிப் வாங்க வருவார். ஐம்பது இருக்கும் டப்பா வேண்டாம், உடைத்துப் பத்து மட்டும் கொடுக்க முடியுமா என்று கேட்பார். முடியாது, டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரப்பதத்தில் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். ஒரு ஸ்ட்ரிப் இருபது ரூபாய்க்கு மேல் வருகிறது, தினமும் நான்கு தடவை பார்க்கச் சொல்கிறார் டாக்டர், அந்த அம்மா வாரத்துக்கு நான்கு தடவை பார்க்கிறார். செப்டம்பர் 2025ல் குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜிஎஸ்டியை 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைத்தார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் அவர் கையில் இருந்தது அதற்கும் போதவில்லை.

இன்சுலின் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் குறை இல்லை. ஆனால் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் இன்சுலின் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதுதான். மருந்து இலவசம், அளவு பார்ப்பது உன் பாடு என்றால் எப்படி?

எங்கள் ஊரில் இருந்து செங்கோட்டை தாண்டி மலையேறி இறங்கினால் கேரளம். அங்கே டைப் 1 குழந்தைகளுக்கென்றே 'மிட்டாயி' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள், மாநில சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்துகிறது. இன்சுலின் பேனா, ஸ்ட்ரிப்போடு நிற்காமல், தேவைப்படும் குழந்தைகளுக்கு சென்சார், உடம்பில் மாட்டிக்கொண்டு இன்சுலின் செலுத்தும் பம்ப் வரை கொடுப்பதற்கு அதில் இடம் வைத்திருக்கிறார்கள். சர்க்கரை நோயுள்ள குழந்தைகளின் திட்டத்துக்கு மிட்டாய் என்று பெயர் வைத்த ஆளை ஒருநாள் நேரில் பார்த்துக் கைகொடுக்க வேண்டும். புனலூர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சொல்லக் கேட்டுவிட்டு "நம்ம பக்கம் இது இல்லையா அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் அரசு மூலமாக சென்சார் வாங்கிய ஒரு குழந்தையையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

தமிழ்நாட்டால் முடியாத காரியமா இது? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறது, 2024ல் ஐ.நா. விருதும் வாங்கியது. என் கடைக்கு மாதாமாதம் மெட்ஃபார்மின் வாங்க வந்த எத்தனையோ பாட்டிகள் இப்போது வருவதில்லை, எனக்கு வியாபாரம் போனது, சந்தோஷம்தான். வீடு வீடாகப் போகிற அந்தப் பெண்களின் பையில் டைப் 1 பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மட்டும் மாதம் இரண்டு சென்சார் சேர்த்து வைக்க முடியாதா? பெரியவர்களுக்கு வழக்கமாக வருகிற டைப் 2தான் பெரும்பான்மை, கோடிக்கணக்கில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் சென்னை மெட்ராஸ் டயாபெடிஸ் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து செய்து 2023ல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்றது. அத்தனை பேருக்கும் சென்சார் கொடு என்று நான் கேட்கவில்லை. மாத்திரையில் ஒழுங்காக இருக்கிறவருக்கு அது தினமும் தேவையும் இல்லை. இன்சுலினை நம்பியே உயிரோடு இருக்கிற பிள்ளைகள் அதில் ஒரு சிறு பங்குதான். இங்கிலாந்தில் 2022லேயே டைப் 1 உள்ள எல்லோருக்கும் சென்சார் கொடுக்கச் சொல்லி வழிகாட்டுதல் வந்துவிட்டது, 2024ல் இருந்து பம்ப்பையும் சென்சாரையும் இணைத்து வேலை செய்யும் கருவியையே அரசு செலவில் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த இணைப்புக் கருவியைப் பற்றி உங்கள் கட்டுரையில் 'செயற்கைக் கணையம்' என்று எழுதியிருந்தீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. சென்சார் சொல்கிற எண்ணைப் பார்த்துப் பார்த்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை பம்பே இன்சுலினைக் கூட்டும் குறைக்கும். 2016ல் அமெரிக்காவில் முதல் கருவிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் சாப்பிடும் முன் எத்தனை தோசை சாப்பிடப் போகிறோம், அதில் எவ்வளவு மாவுச்சத்து என்று இன்னும் நாம்தான் அதற்குச் சொல்லவேண்டும், குழாயை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும், குழாய் மடங்கி இன்சுலின் போகாமல் நின்றால் சில மணி நேரத்தில் சுகர் எகிறிவிடும். விலையோ லட்சக்கணக்கில். இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு, அதைத்தான் நீங்கள் கதையாகவே எழுதியிருக்கலாம். இந்தத் தொழில்நுட்பத்தைக் கம்பெனிகளை முந்திக்கொண்டு தள்ளியவர்கள் பெற்றோர்களும் நோயாளிகளும்தான். 2013ல் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியர், பள்ளிக்குப் போகிற தன் சின்னப் பையனின் சென்சார் எண் ஆபீஸில் இருக்கும் தனக்குத் தெரியவில்லையே என்று, தானே நிரல் எழுதி அதை இன்டர்நெட்டில் ஏற்றினார். மற்ற பெற்றோர்கள் சேர்ந்துகொண்டார்கள், நைட்ஸ்கவுட் என்று பெயர் வந்தது, காசு வாங்காமல் உலகம் முழுக்கக் கொடுத்தார்கள். இன்றைக்கு என் தங்கை போனில் அலாரம் அடிக்கிறதென்றால் அதற்குப் பின்னால் அந்த மாதிரி அப்பா அம்மாக்களின் பொறுமையில்லாமையும் இருக்கிறது.

மூச்சில் இழுக்கும் இன்சுலினுக்கு நம் நாட்டில் 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் அது சாப்பாட்டு நேர இன்சுலினுக்கு மட்டும்தான் பதில். டைப் 1 ஆளுக்கு நாள் முழுக்க வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலினை ஊசியிலோ பம்பிலோ போட்டே ஆகவேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது, பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் கிடையாது, ஆரம்பிக்கும் முன் நுரையீரல் பரிசோதனை வேண்டும். இதற்கு முன்னால் 2006ல் ஃபைசர் இப்படி ஒன்றைக் கொண்டுவந்து விலைபோகாமல் அடுத்த வருடமே திரும்ப எடுத்துக்கொண்டது. ஆகவே கொஞ்சம் பொறுத்துத்தான் பார்க்கவேண்டும். இன்சுலின் சுரக்கும் செல்களை வளர்த்து உடம்பில் செலுத்தும் ஸ்டெம் செல் சிகிச்சையில் டைப் 1 'குணமாகிவிட்டது' என்று எழுதியதும் அப்படியே. 2025ல் வந்த ஆய்வில் முழு அளவு செல் செலுத்தப்பட்ட 12 பேரில் 10 பேர் ஒரு வருடம் கழித்து இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள், கேட்கவே சிலிர்க்கிறது. ஆனால் அந்தச் செல்களை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிடவேண்டும். பன்னிரண்டு பேர் என்பதையும் அந்த மருந்தையும் விட்டுவிட்டுச் செய்தியைப் போட்டால், என் தங்கை மாதிரி ஆட்கள் அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள்.

வாரம் ஒரு ஊசி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தது 2025 மார்ச். அதே மாதிரி இன்னொரு ஊசியான செமாக்ளூடைடின் காப்புரிமை இங்கே 2026 மார்ச் வரைதான், அதற்குப் பிறகு நம் ஊர்க் கம்பெனிகளே தயாரிக்கலாம், விலையும் இறங்கும். டைப் 2க்கு நல்ல மருந்துதான், உடம்பும் இளைக்கும். டைப் 1க்கு இன்சுலினுக்குப் பதில் இது கிடையாது. ஏற்கெனவே கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர் இதையும் சேர்த்தால் சுகர் படக்கென்று இறங்கலாம், பழைய மருந்தின் அளவை டாக்டர்தான் குறைத்துக் கொடுக்கவேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் இளைக்கவேண்டும் என்று சீட்டு இல்லாமல் வந்து கேட்கிற மாப்பிள்ளைகளுக்கு என் கடையில் கிடைக்காது, கோபப்பட்டுப் பயனில்லை.

இவ்வளவு புதுமையைப் பற்றிப் பேசுகிறோம், பழைய சிரிஞ்சில் நடக்கிற குழப்பத்தை யாரும் எழுதுவதில்லை. நம் நாட்டில் பெரும்பாலான இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40க்கு உண்டான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு உண்டானதற்கு ஆரஞ்சு மூடி. பேனா கெட்டுப்போய்விட்டது என்று கார்ட்ரிஜில் இருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே இருப்பது 20 யூனிட் இல்லை, 50 யூனிட். பாதி ராத்திரியில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, ஆம்புலன்ஸ்தான். தலைகீழாக, 40 குப்பியில் இருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான், 'மருந்தே வேலை செய்யவில்லை' என்று டாக்டரை மாற்றுவார்கள். இதைப் போய் எந்த ஏஐயும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒரு வண்ணப் படம் போதும், உங்கள் பத்திரிகையில் கால் பக்கம்.

ஏஐ என்றதும் ஞாபகம் வருகிறது. சர்க்கரையால் விழித்திரை கெடுவது கடைசி வரை வெளியே தெரியாது, பார்வை மங்கிய பிறகு போனால் பெரும்பாலும் தாமதம். கண்ணின் பின்புறப் படத்தைப் பார்த்து அந்தப் பாதிப்பைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும் முறையை கூகுள் 2016ல் வெளியிட்டபோது, அதற்குப் பாடமாக இருந்த படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் இருந்தன. போனில் மாட்டும் கேமராவையும் இதே மாதிரி மென்பொருளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு சென்னையிலேயே நடந்து 2018ல் வெளிவந்தது. கூகுளின் முறை நம் ஊர்க் கண்களையும் வைத்துக் கற்றுக்கொண்டது. வாட்சுக்கு அவ்வளவு இடம் கொடுத்தீர்கள், இதற்கு ஒரு வரி கொடுக்கவில்லை. டைப் 2 ஆட்களுக்கு சென்சாரைவிட இது ஆயிரம் மடங்கு உபயோகம் என்பது என் கருத்து. வருடம் ஒருமுறை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, ஒரு போட்டோ.

நான் கேட்பது இதுதான். சுகர் பற்றி அடுத்த முறை எழுதும்போது ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் மூன்று விவரம் போடுங்கள்: இங்கே அனுமதி இருக்கிறதா, டைப் 1க்கா டைப் 2க்கா, மாதம் எவ்வளவு ஆகும். அப்புறம் உங்கள் நிருபர் ஒருவரை எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பி, மிட்டாயி திட்டம் நிஜத்தில் எப்படி நடக்கிறது, எத்தனை பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது, எங்கே தொங்கிக் கிடக்கிறது என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டாவது சென்னையில் யாராவது கோப்பைத் திறக்கட்டும்.

இன்னொன்று, சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. அந்தக் கட்டுரைக்கு எதிர்ப் பக்கத்திலேயே 'நாற்பது நாளில் சர்க்கரை நோய்க்கு முற்றுப்புள்ளி' என்று ஒரு பொடி விளம்பரம், அரைப் பக்கம். சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954ம் வருடச் சட்டப்படியே கூடாது, அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இந்த நோயின் பெயரே இருக்கிறது. உங்கள் விளம்பரப் பிரிவுக்கு இது தெரியாது என்று நான் நினைக்கவில்லை.

கடிதம் நீண்டுவிட்டது, நீங்கள் சுருக்கித்தான் போடுவீர்கள் என்று தெரியும். எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், சிவப்பு மூடி ஆரஞ்சு மூடி பத்தியை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
தென்காசி